பின்னால் ஓடாத எண்

கடலுக்குள் காற்றாலை நிறுத்த அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது, புகை விடாத படகு கட்டுகிறவர்களுக்கும் உதவித்தொகை உண்டு என்று செய்தி வந்த அன்று, தமிழ்ச்செல்வி, நீ போனில் கூப்பிட்டாய். அந்த வேலையில்தான் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள். "அப்பா, நீங்களும் கடல்ல காத்து அளக்குற வேலைதானே பாத்தீங்க? மொத வருஷம் என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டாய். என் பக்கத்தில் இருந்த உன் தம்பி அறிவழகன், "என்ன பண்ணியிருப்பாரு, நல்லா காத்து வாங்கியிருப்பாரு" என்றான்.

நானும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். அந்த முதல் வருஷத்தில் நான் செய்த காரியம் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்குச் சொன்னதில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். நடை முன்னே பின்னே இருந்தாலும் நடந்ததில் கூட்டிக் குறைத்து எதுவும் இருக்காது.

நம் ஊர் மன்னார்குடிப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தாத்தா ஒரு மிராசுதாரரின் நிலத்தில் குத்தகைச் சாகுபடி செய்தார். நிலம் உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்த காலம் அது. சட்டம் வந்ததும் நிலக்காரர்கள் உஷாரானார்கள். கொடி நடுவது, அறுவடையைத் தடுப்பது, போலீஸ் வேன் வந்து களத்தில் நிற்பது என்று ஒவ்வொரு போகமும் சண்டையோடுதான் முடிந்தது. தாத்தா நட்டு அறுத்த நிலத்தை, ஊர்க் கணக்குப்பிள்ளை அடங்கலில் மிராசுதாரரின் 'சொந்தப் பண்ணை' என்று எழுதிவிட்டார். அடங்கல் என்பது எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்று வருஷா வருஷம் எழுதும் அரசாங்கக் கணக்கு. அதில் பெயர் இல்லாதவனுக்கு நிலமும் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று நான் வேலை தேடி வெளியே வந்தேன்.

டீசல் விலை கன்னாபின்னா என்று ஏறியிருந்தது. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா என்று அரசாங்கம் கடற்கரை ஓரமாக அளந்து பார்த்தது. வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடல் தென்புறம் கிடக்கும் ஒரு மீனவ ஊரில் தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். பதினைந்து நாள் நாகப்பட்டினத்தில் பயிற்சி. காற்று அளக்கும் கருவியின் கிண்ணத்தைக் கழற்றுவது, மாட்டுவது, எண்ணெய் விடுவது, எண்ணைப் படிப்பது, அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் கடல் ஆழமில்லாதது. கரையிலிருந்து அரை மைல் போனாலும் ஆள் உயரம்தான் தண்ணீர் இருக்கும். அங்கே பனந்தூண்களை இறக்கி ஒரு மேடை கட்டி, அதன் மேல் இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் காற்றுமானியை வைத்திருந்தார்கள். மூன்று கிண்ணங்கள் காற்றில் சுழலும். எவ்வளவு காற்று ஓடியது என்பதைக் கம்பத்தின் அடியில் உள்ள பெட்டி, மின்சார மீட்டரைப் போலக் கூட்டிக்கொண்டே போகும். இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால் ஒரு நாள் காற்று.

காலை ஆறு மணிக்கு மேடையில் இருக்க வேண்டும். சிங்காரம் அண்ணன் தன் வள்ளத்தில் கழி ஊன்றிக் கொண்டுபோய் விடுவார். பன்னிரண்டு படி. படியில் ஒட்டியிருக்கும் சிப்பி காலைக் கிழிக்கும். ஏறியதும் பெட்டிக் கண்ணாடியில் படிந்த உப்பை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கடைசி எண் ஒன்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். மாறியதும் ஐந்து எண்களையும் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்வேன். கீழே வள்ளத்திலிருந்து சிங்காரம் அண்ணன் அதைத் திருப்பிச் சொல்வார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மீன் ஏலத்தில் பழகிய காது, ஓர் எண் தவறாது. அவர் சொன்னதும் நான் பென்சிலால் எழுதுவேன். பேனா கூடாது, ஒரு துளி பட்டால் மை கரைந்துவிடும்.

இதெல்லாம் எங்கள் உதவிப் பொறியாளர் சதாசிவம் ஐயா வைத்த முறை. அவர் மாதம் ஒரு முறை நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு கையில் குடை, மறு கையில் தயிர்சாதம் கட்டிய தூக்கு. வந்தவர் உட்கார மாட்டார். நின்றபடியே நோட்டை வாங்கி, ஒரு துண்டுத் தாளில் முப்பது நாளுக்கும் கழித்தல் கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பார். நான் போட்டு வைத்த கணக்கின் பக்கம் கண்ணே போகாது. ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பார். முப்பது "ம்" முடிந்த பிறகுதான் உட்காருவார். சிங்காரம் அண்ணனைக்கூட "வாங்க, சாப்டீங்களா" என்றுதான் பேசுவார்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன். "ஏங்கய்யா, நான் கழிச்சு வெச்சதையே மறுபடி கழிக்கிறீங்க?"

"ராசேந்திரன், எங்க சித்தப்பாவுக்கு நெலம் நெறைய. உச்சவரம்பு சட்டம் வந்தப்ப செத்தவங்க பேர்ல, பொறக்காதவங்க பேர்ல எல்லாம் எழுதி வெச்சாரு. பேப்பர்ல ஒரு ஊரே வயல் வெச்சிருந்துச்சு. நேர்ல போய்ப் பாத்தா ஒருத்தரும் கிடையாது. அதுலேர்ந்து நான் யாரு எழுதுனதையும் நம்பறதில்ல. நான் எழுதுனது உள்பட" என்றார்.

இந்த அளவீட்டின் மேல் அந்த ஊரே ஆசை வைத்திருந்தது. அங்கே ஐஸ் கிடையாது. பிடித்த மீனை வெயில் ஏறுவதற்குள் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ள வேண்டும். ஒரு வருஷம் விடாமல் அளந்து காற்று போதும் என்று தெரிந்தால், காற்றாலை வைத்து அந்த மின்சாரத்தில் ஐஸ் ஆலை போட அரசாங்கம் பணம் தரும் என்று சொல்லியிருந்தார்கள். நான் தெருவில் போனால் பெண்கள், "காத்துக்காரத் தம்பி, ஐஸ் எப்ப வரும்?" என்பார்கள். எனக்கும் அந்த வருஷம் முடிந்தால் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு.

தை மாதம் அளக்கத் தொடங்கினேன். ஐப்பசி வரை ஒரு நாள் விடவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் காலை கரைக்குப் போனேன். ஊரே கரையில் நின்றது. முந்தின நாள் போன ஒரு வள்ளம் திடீர்ச் சூறையில் கவிழ்ந்துவிட்டது. இரண்டு பேர் நீந்தி வந்துவிட்டார்கள். காளி என்பவரைக் காணவில்லை. சிங்காரம் அண்ணனின் மனைவியுடன் பிறந்தவர் அவர்.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலில் போனவன் உடல் கிடைக்கும்வரை யாரும் தொழிலுக்குக் கடலில் இறங்கக் கூடாது. வள்ளம் தேடுவதற்கு மட்டுமே போகலாம். எனக்கு அது தெரியும். தெரிந்தும், மணி ஆறாகிறதே என்ற பதைப்பில் சிங்காரம் அண்ணனிடம் போய் நின்றேன்.

"அண்ணே, ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா? எண்ணை மட்டும் பாத்துக்கிட்டு..."

அவர் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை.

"தம்பி, இன்னிக்கு வள்ளம் தேடத்தான் போவுது."

பின்னால் நின்ற ஒரு பையன், "மச்சான் கெடக்காரு நடுக்கடல்ல. இவருக்குக் காத்துக் கணக்கு கேக்குது" என்றான். யாரும் அவனை அடக்கவில்லை.

திரும்பி வந்துவிட்டேன். தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். ஒன்பது மாதமாக ஒரு கட்டம்கூடக் காலியில்லாத நோட்டு. ஒரு நாள் விட்டுப்போனால் வருஷமே போய்விடும், ஐஸ் ஆலையும் போய்விடும் என்று நினைத்தேன். வெளியே பனை மட்டைகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. முந்தின நாள் எண் 18,240. அதோடு நானூற்றுப் பத்தைக் கூட்டி 18,650 என்று எழுதினேன். பென்சிலில் எழுதியதால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மறுநாளும் உடல் கிடைக்கவில்லை. நானூற்று முப்பது. மூன்றாம் நாள் நானூற்று இருபது. மூன்றாம் நாள் நோட்டில் நின்ற எண் 19,500. அன்று சாயங்காலம் காளியின் உடலைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கே அடக்கமும் முடிந்தது.

நாலாம் நாள் காலை சிங்காரம் அண்ணன் கழி ஊன்றினார். நான் ஏறி, கண்ணாடியைத் துடைத்து, எண் மாறக் காத்திருந்தேன். மாறியது. 19,312.

திரும்பத் துடைத்தேன். 19,312 தான். நான் எழுதியதைவிடக் குறைவு. அந்தப் பெட்டி முன்னால் மட்டும்தான் ஓடும். பின்னால் ஓடவே ஓடாது. மூன்று நாளைக்கு நான் எழுதிய காற்று, நிஜமாகவே நாலு நாள் அடித்த காற்றைவிட அதிகம். ஐப்பசிச் சூறை அப்படித்தான். வந்து மட்டையை உலுக்கிவிட்டுப் போய்விடும், நடுவில் மணிக்கணக்கில் இலை அசையாது. ஆடிய மட்டையை எண்ணியவன் அசையாத நேரத்தை எண்ணவில்லை.

"என்ன தம்பி, எண்ணைச் சொல்லுங்க" என்றார் கீழிருந்து.

"ஒன்று, ஒன்பது, மூன்று, ஒன்று, இரண்டு."

அவர் திருப்பிச் சொன்னார். நான் 19,590 என்று எழுதினேன்.

அறைக்கு வந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நாளைக்கு நூறு நூறாக மட்டும் கூட்டி எழுதிக்கொண்டே போனால், நிஜ எண் ஓடிவந்து என் எண்ணைப் பிடித்துவிடும். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும். இரண்டு நாள் அப்படியே எழுதினேன். ஒவ்வொரு காலையும் அண்ணன் ஓர் எண்ணைத் திருப்பிச் சொல்வார், நான் வேறோர் எண்ணை எழுதுவேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்ற ஒன்றை நம்பித்தான் அதைச் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணைப் பார்த்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன். முந்தின நாள்தான் குத்தகை வழக்கில் விசாரணை. தாத்தா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆபீசர் கேட்டாரு, 'கணக்குப்பிள்ளை, வயலைப் பாத்துட்டுத்தான் எழுதுனீங்களா?' அதுக்கு அவரு, 'பாக்காம எழுதுவேங்களா'ன்றாரு. நான் சொன்னேன், 'ஐயா, இவரு காலைக் காட்டச் சொல்லுங்க. இருவது வருஷத்துல ஒரு நாளு அதுல நம்ம வரப்புச் சேறு பட்டிருந்தா நான் வழக்கை வாபஸ் வாங்கிக்கிறேன்'."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். அதில் சிப்பி கிழித்த தழும்புகள் இருந்தன. ஆனால் அந்த மூன்று நாளும் அது கடல் மிதிக்கவில்லை. அன்று சாயங்காலமே பஸ் ஏறி, மறுநாள் காலை வழக்கம்போல மேடைக்குப் போய் உள்ள எண்ணை உள்ளபடி எழுதிவிட்டு, நாகப்பட்டினம் அலுவலகத்துக்குப் போனேன்.

சதாசிவம் ஐயா நின்றபடி நோட்டைப் பார்த்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு "ம்" கூட இல்லை.

"இந்தத் தாளோட பின்பக்கம் படிச்சீங்களா?"

அது இங்கிலீஷில் இருந்தது. படித்ததில்லை என்றேன். அவர் தமிழில் சொன்னார். "வருஷத்துல பத்து நாள் வரைக்கும் விட்டுப்போகலாம். 'போகவில்லை'ன்னு எழுதினா போதும். அதுக்குன்னே ஒரு கட்டம் இருக்கு. நாலாம் நாள் எண்ணு கையில இருக்குல்ல, நாலு நாள் காத்தும் அதுக்குள்ளயே இருக்கு. ஒண்ணும் கெட்டிருக்காது."

அவசரமாகக் கேட்டேன். "அப்ப இப்ப அப்படி எழுதிடலாங்களாய்யா?"

"இப்ப முடியாது. போகாத நாளை ஒத்துக்குவாங்க. போனதா எழுதின நாளை ஒத்துக்க மாட்டாங்க. இந்த ஆறு நாள் பொய்னா மத்த எரநூத்துச் சொச்ச நாள் நெசம்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? நாளையிலேர்ந்து முதல் நாள். பன்னெண்டு மாசம், மறுபடி."

"இந்த வருஷப் பணம்?"

"போயிடும். அடுத்த வருஷத்துக்குக் கேக்கணும். எனக்கும் மேலேர்ந்து ஒரு கடிதாசி வரும், வரட்டும். உங்களை நிறுத்திட்டு வேற ஆள் போட்டா, அவரும் இந்தத் தப்பைச் செஞ்சுதான் கத்துக்குவாரு. நீங்க செஞ்சாச்சு. ஆனா ஊர்ல நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை வந்ததில்லை. அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரை நாட்டார் என்பார்கள். கோயில் வாசலில் நாட்டார் முன்னால் எல்லோரும் கூடியிருக்கும்போது நின்று சொன்னேன். ஐஸ் ஆலை ஒரு வருஷம் தள்ளிப்போகிறது, அதற்குக் காரணம் நான் என்றேன்.

முதலில் சிங்காரம் அண்ணன்தான் பேசினார். "நான் ஒரு நம்பரைச் சொல்லச் சொல்ல, நீங்க வேற நம்பரை எழுதுனீங்களா?"

"ஆமாண்ணே."

"மூணு நாளு?"

"மூணு நாளு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெண்கள் பக்கமிருந்து, "படிச்ச புள்ளன்னு நெனைச்சோம்" என்று ஒரு குரல் வந்தது.

பிறகு நாட்டார் பேசினார். "தம்பி, அந்த மூணு நாளும் தேடப் போன வள்ளம் எல்லாம் உங்க மேடையைத் தாண்டித்தான் போச்சு. எங்க பசங்க அது மேல ஏறி நின்னுதான் நாலு பக்கமும் பாத்தாங்க. 'நானும் தேட வாரேன்'னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லுவமா? வந்த எடத்துல எண்ணையும் பாத்திருக்கலாம். நீங்க எண்ணைப் பாக்க எங்களைக் கூப்பிட்டீங்க."

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு சிங்காரம் அண்ணன் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. வேறு யாரும் வரவில்லை. ஓர் ஓட்டை வள்ளத்தை அடைத்து, நானே கழி ஊன்றக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் வள்ளம் ஒரே இடத்தில் சுற்றியது. கரையில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆறு மணிக்கு மேடையில் இருக்க நாலரைக்கே கிளம்பினேன். எண்ணைத் திருப்பிச் சொல்ல ஆளில்லை. நானே உரக்கச் சொல்லி, கீழே இறங்கி, மறுபடி பன்னிரண்டு படி ஏறி இரண்டாம் முறை பார்த்து எழுதினேன். காய்ச்சலில் இரண்டு நாள் போக முடியவில்லை. 'போகவில்லை' என்று எழுதினேன். அந்த இரண்டு சொல்லையும் பேனாவால் எழுதினேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள், எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கப் போனேன். பின்னாலிருந்து யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள். வலை போட்டுவிட்டுத் திரும்பிய சிங்காரம் அண்ணன், வள்ளத்தை மேடைக் காலில் கட்டியிருந்தார்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேண்ணே."

"எங்க, எழுதுனதைப் படிங்க."

படித்தேன். கேட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து தினமும் வந்தார். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் ஒருநாளும் போகவில்லை.

வருஷம் முடிந்தது. சதாசிவம் ஐயா அந்த ஊருக்கே வந்து, கோயில் வாசலில் நின்றபடி கடைசிக் கழித்தலையும் போட்டார். பிறகு உட்கார்ந்தார். "காத்தாலைக்குப் போதாது" என்றார். "நாலு மாசம் பிரமாதமா அடிக்குது. மீதி எட்டு மாசம் இன்னிக்கு இருக்கிற மெஷினைச் சுத்த வைக்காது. நான் அப்படித்தான் எழுதப் போறேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு வருஷம் காத்திருந்தவர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பொய் எண்கள் போன வழியிலேயே போயிருந்தால், ஓடாத ஒரு காற்றாலையை இந்தக் கரையில் நிறுத்தி, அது துருப்பிடிப்பதை இவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அதைச் சொல்லி யாருக்கு ஆறுதல் தர முடியும்?

நாட்டார்தான் கேட்டார். "எந்த நாலு மாசம் தம்பி?"

நோட்டைப் பார்த்துச் சொன்னேன். "வைகாசி பாதியிலேர்ந்து புரட்டாசி பாதி வரைக்குங்க. தென்மேக்குக் காத்து."

"சோழகம். அது எங்களை வீட்டுக்குக் கொண்டாந்து விடுற காத்தாச்சே. எஞ்சின் வர்றதுக்கு முந்தி அதுலதான் பாய் விரிச்சுத் திரும்புவோம். எஞ்சினுக்கு மானியம் குடுத்தாங்க, பாயைச் சுருட்டிக் கோழிக்குக் கூரை போட்டுட்டோம். இப்ப டீசல் விக்கிற வெலையில..." என்று நிறுத்தினார்.

சதாசிவம் ஐயா எழுந்து நின்றார். "படகுல எண்ணெய்ச் செலவைக் குறைக்கிற புது முயற்சிக்குன்னு வேற தலைப்புல பணம் இருக்கு. யாரும் கேக்கல. எந்த மாசம் எவ்வளவு காத்துன்னு ஒரு வருஷக் கணக்கு காட்டணும், அது இருக்கிற ஊர் இந்தக் கரையில இது ஒண்ணுதான். ராசேந்திரன், மனு எழுதுங்க."

கோயில் வாசலிலேயே எழுதினேன். காற்று இல்லாத எட்டு மாதத்தையும் எழுதினேன். நான் போகாத இரண்டு நாளையும் எழுதினேன். சிங்காரம் அண்ணன் முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைத்தார்.

ஆறு வள்ளத்துக்குப் பணம் வந்தது. எஞ்சினோடு சேர்ந்து நிற்கும்படி, வேண்டாதபோது மடக்கி வைக்கும்படி புது மாதிரிப் பாய்மரம் செய்து கொடுத்தார்கள். அடுத்த ஆனி மாதம் முதல் வள்ளம் போனது. காலை எட்டு மணிக்குக் கரையில் பெண்கள் கூடையோடு காத்திருந்தார்கள். வழக்கமாக வள்ளம் கண்ணில் படும் முன்னே எஞ்சின் சத்தம் வந்துவிடும். அன்று சத்தமே இல்லாமல் ஒரு வள்ளம் அடிவானத்திலிருந்து வளர்ந்து வந்தது. எஞ்சின் நின்றுபோச்சு என்று சிங்காரம் அண்ணனின் மனைவி கூடையைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினார். உடன்பிறந்த காளியைக் கடலில் கொடுத்தவர் அவர். நாங்களும் பின்னால் ஓடினோம்.

பாய் புடைத்து நிற்க, வள்ளம் எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. முனையில் நின்ற சிங்காரம் அண்ணன் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"ஏய், எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. நாந்தான் நிறுத்திட்டேன்."